எண்ணப்பட்டவர்கள் வரைந்த படம்

நம்மைப் பற்றிய எண்ணிக்கைக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. சேரியில் எத்தனை தலைக்கட்டு, எத்தனை தொகுப்பு வீடு, எத்தனை ரேஷன் அட்டை, எத்தனை வழக்கு என்று யாராவது வந்து எண்ணிக்கொண்டு போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். எண்ணிக்கொண்டு போனது பிறகு என்ன ஆகிறது? எங்கோ ஓர் அலுவலகத்தில் அது தூணாகவும் வட்டமாகவும் கோடாகவும் மாறி, வண்ணம் பூசிக்கொண்டு சுவரில் ஏறிவிடுகிறது. பத்திரிகையில், தொலைக்காட்சியில், இப்போது கைபேசியில் என்று எங்கு பார்த்தாலும் இந்தப் படங்கள்தான். பத்துப் பக்க அறிக்கையைப் படிக்காதவன்கூட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறான். அதனால் இந்தப் படங்களைப் பற்றி நாம் பேசாமல் இருக்க முடியாது. கணக்குப் படம் என்று இதற்குப் பேர் வைத்துக்கொள்வோம். நல்ல கணக்குப் படம் எது?

படம் போடத் தெரிந்தவர்கள் இதற்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். தூண் பூஜ்யத்திலிருந்து எழும்ப வேண்டும். நடுவில் வெட்டிவிட்டால் சாண் வளர்ச்சி ஆளுயர வளர்ச்சி மாதிரித் தெரியும். கண்ணைப் பறிக்கிற ஜோடனை கூடாது. எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கர் 1983-இல் எழுதிய புத்தகத்தில், படத்தில் செலவாகிற மை பெரும்பாலும் விவரத்தைச் சொல்லவே செலவாக வேண்டும் என்று வாதாடினார். எல்லாம் சரிதான். ஆனால் நான் தமிழ் இலக்கணம் படித்தவன். தளை தட்டாமல், எதுகை மோனை பிசகாமல் எழுதப்பட்ட பொய்களை எம்.ஏ. வகுப்பில் இரண்டு வருஷம் மனப்பாடம் செய்திருக்கிறேன். யாப்பு சுத்தமாக இருந்தால் பாட்டு உண்மையாகிவிடாது. படத்துக்கும் அதே கதைதான். படத்தின் அழகுக்கும் ஒழுங்குக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எண்ணப்பட்டவன் அந்தப் படத்தில் யாராக இருக்கிறான்?

இதைச் சொல்ல மூன்று படங்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றுமே ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கறுப்பு மக்களைப் பற்றியவை.

முதல் படம் புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் படம். லிவர்பூல் கப்பல். 1788-இல் பிளிமத் ஊரிலும், 1789-இல் லண்டனிலும் அடிமை வாணிபத்தை எதிர்த்த குழுக்கள் இதை அச்சிட்டு வெளியிட்டன. கப்பலின் தளத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி, அளவு பிசகாமல் வரைந்த படம். ஆண் ஒருவனுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். பையனுக்கு 5 அடி நீளம், 1 அடி 2 அங்குல அகலம். இந்தக் கணக்கில் மனிதர்களைக் கட்டைகளாக அடுக்கி வரைந்திருந்தார்கள். 1788-ஆம் வருஷச் சட்டப்படி அந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம். சட்டம் வருவதற்கு முன்னால் 609 பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. படத்தில் சந்து பொந்து விடாமல் அடுக்கியும் 482 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மீதி ஆட்களை எங்கே வைத்திருப்பார்கள் என்று பார்க்கிறவன் நெஞ்சு பதறியது. பிரசங்கம் செய்ய முடியாததை அந்தப் படம் செய்தது. 1807-இல் பிரிட்டன் அடிமை வாணிபத்தைச் சட்டத்தால் தடுத்ததற்குப் பின்னால் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் உற்றுப் பாருங்கள். அதில் யாரும் எழுந்து நிற்கவில்லை. யாருக்கும் பேர் இல்லை. கப்பலில் கலகம் செய்தவர்கள், சோறு வேண்டாமென்று பட்டினி கிடந்தவர்கள், கடலில் குதித்தவர்கள் எல்லாரும் சரித்திரத்தில் இருக்கிறார்கள். அந்தப் படத்தில் இல்லை. நல்ல மனசுக்காரர்கள் வரைந்ததுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனாலும் பார்க்கிறவன் மனிதன், பார்க்கப்படுகிறவன் பாவம் என்ற ஏற்பாடு அதில் அப்படியே இருக்கிறது. இரக்கத்தை வாங்கித் தருகிற படம் மரியாதையை வாங்கித் தந்துவிடாது. நம் பிணங்களின் புகைப்படங்களை முதல் பக்கத்தில் போட்டு நமக்காக அழுகிற பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இரண்டாவது படம் 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வந்தது. தென் மாநிலங்களில் அடிமைகள் எங்கெங்கே எவ்வளவு என்று காட்டும் நிலப்படம். 1860 கணக்கெடுப்பை வைத்து அரசாங்கத்தின் கடலோர அளவைத் துறை தயாரித்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்ற எண்ணை எழுதி, எண் கூடக்கூட மையைக் கருப்பாக்கிக்கொண்டே போயிருந்தார்கள். மிசிசிப்பி ஆற்றோரம் அட்டைக் கருப்பு. பருத்தி எங்கே விளைந்ததோ அங்கே கருப்பு. ஆபிரகாம் லிங்கன் இந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பாராம். தொழில் என்று பார்த்தால் அருமையான வேலை. ஒரு பார்வையில் போரின் காரணமே தெரிந்துவிடும்.

ஆனால் அந்த மைக்கு விவரம் எங்கிருந்து வந்தது? 1860 கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனி ஏடு. அதில் எஜமானனுக்குப் பேர் உண்டு. கீழே வரிசையாக வயசு, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். பெரும்பாலும் பேர் எழுதவில்லை. சுமார் 40 லட்சம் மனிதர்கள் பேரில்லாமல் எண்ணப்பட்டார்கள். அந்த ஏட்டிலிருந்து எவ்வளவு கெட்டிக்காரன் படம் வரைந்தாலும் ‘இங்கே இத்தனை உடைமை இருக்கிறது’ என்பதற்கு மேல் அது பேசாது. ஏட்டில் விட்டுப் போனதை எந்த வண்ணமும் கொண்டுவந்து சேர்க்காது.

மூன்றாவது ஒரு படம் அல்ல, அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள். 1900-ஆம் வருஷம் பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஏறக்குறைய 5 கோடிப் பேர் வந்துபோன பொருட்காட்சி. ஐரோப்பிய வல்லரசுகள் தங்கள் காலனி நாட்டு மக்களையே கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக நிறுத்தியிருந்த பொருட்காட்சியும் அதுதான். அங்கே அமெரிக்கக் கறுப்பர்களுக்கென்று ஓர் அரங்கு வேண்டும் என்று தாமஸ் கால்லவே என்ற கறுப்பு வழக்கறிஞர் முயன்று இடம் வாங்கினார். அந்த அரங்குக்காகக் கணக்குப் படங்களைத் தயாரித்தவர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயசு. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர்களையும் பழைய மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, தாளில் மையும் நீர்வண்ணமும் வைத்துக் கையாலேயே வரைந்தார்கள். ஜார்ஜியா மாநிலக் கறுப்பர்களைப் பற்றி ஒரு வரிசை, அமெரிக்கக் கறுப்பர்கள் முழுவதையும் பற்றி இன்னொரு வரிசை. பாரிஸ்காரனுக்கும் புரியட்டும் என்று பல படங்களில் பிரெஞ்சிலும் எழுதினார்கள்.

எண்களைக் கறுப்பர்களுக்கு எதிராகத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் அது. 1896-இல் பிரெடரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டு நிறுவனப் புள்ளிவிவரக்காரர், கறுப்பர்களின் சாவு விகிதத்தை அட்டவணை அட்டவணையாகப் போட்டு, இந்த இனம் தானாக அழிந்துவிடும் என்று புத்தகம் எழுதினார். ஏன் சாகிறார்கள், எந்தத் தெருவில் வாழ வைத்தார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்ற கேள்வி எதுவும் அதில் இல்லை. ரத்தத்திலேயே கோளாறு என்று முடித்துவிட்டார். டு பாய்ஸ் அந்தப் புத்தகத்தை மறுத்து அப்போதே எழுதினார். பாரிஸ் படங்களும் அதற்குப் பதில்தான்.

அந்தப் படங்களில் ஒன்று: 1890-இல் ஜார்ஜியாக் கறுப்பர்களில் நகரத்தில் எத்தனை பேர், கிராமத்தில் எத்தனை பேர். பெரிய நகரங்களில் 78,139. நடுத்தர நகரங்களில் 8,025. சிறு நகரங்களில் 37,699. கிராமங்களிலும் நாட்டுப்புறத்திலும் 7,34,952. இதை நேர்கோடாகப் போட்டால் கடைசிக் கோடு தாளைத் தாண்டி ஓடும். எல்லாவற்றையும் சின்னதாக்கினால் 8,025 பேர் புள்ளியாகிக் காணாமல் போவார்கள். டு பாய்ஸ் என்ன செய்தார்? கிராமத்துக் கோட்டைச் சிவப்பு வண்ணத்தில் சுருட்டிவிட்டார், ஜிலேபி மாதிரி. கண் அந்தச் சுருளுக்குள் சுற்றிச்சுற்றிப் போகிறது, முடியவே மாட்டேன் என்கிறது. சுருட்டிய கோட்டின் நீளத்தைக் கண்ணால் அளக்க முடியாது என்று இன்றைய பண்டிதர்கள் குறை சொல்லலாம். நியாயம்தான். அதனால்தான் பக்கத்திலேயே எண்ணையும் எழுதிவைத்தார். கண்ணுக்கு அதிர்ச்சி, கைக்குக் கணக்கு. இரண்டும் இருப்பதால் ஏமாற்று இல்லை.

இன்னொன்று, அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும். 1790-இலிருந்து 1870 வரை. தாள் முழுக்க மலை மாதிரி ஒரு கருப்பு. அதன் தலையில் மெல்லிசாக ஒரு பச்சைப் பட்டை. 1860-இலும் நூற்றுக்கு 89 பேர் அடிமைகள். அடுத்த பத்து வருஷத்தில் அந்தக் கருப்பு மலை அப்படியே செங்குத்தாகச் சரிந்து, பச்சை அடிவரைக்கும் இறங்குகிறது. எந்தக் கவிதையிலும் இந்தச் சரிவை இவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.

எதை எண்ணினார்கள் என்பதையும் பாருங்கள். வீட்டுச் சாமான், அடுப்படிச் சாமானின் மதிப்பு என்று ஒரு படம். 1875-இல் 21,186 டாலர். 1899-இல் 14,34,975 டாலர். வரி ஏட்டிலிருந்து எடுத்த கணக்கு. தானே விற்பனைச் சரக்காக இருந்தவன் நாற்காலி வாங்கி உட்காருகிறான் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? எழுத்தறிவில்லாதவர்கள் பற்றிய படத்தில் அமெரிக்கக் கறுப்பர்களை அமெரிக்க வெள்ளையரோடு நிறுத்தவில்லை. ருமேனியா, செர்பியா, ருஷ்யா, இத்தாலி என்று தேசங்களின் வரிசையில் நிறுத்தினார்கள். ருஷ்யாவை விடவும் ருமேனியாவை விடவும் இவர்கள் நிலைமை மேல் என்று தெரிந்தது. நேற்றுவரை படித்தால் தண்டனை என்றிருந்த ஜனம்! யாரோடு யாரை ஒப்பிடுவது என்று முடிவு செய்கிற இடத்தில்தான் கணக்குப் படத்தின் அரசியல் முழுக்க இருக்கிறது. நம்மை எப்போதும் ‘மற்றவர்கள்’ என்ற ஒரே தூணோடு நிறுத்தி, நாம் குட்டை என்று காட்டுகிறவர்கள் இந்தத் தேர்வை இயற்கை மாதிரிச் செய்துவிடுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த படம் வேறு. ஜார்ஜியாக் கறுப்பர்களின் நகரச் சொத்து மதிப்பைக் காட்டும் கோடு. அது ஏறுகிறது, திணறுகிறது, மறுபடி ஏறுகிறது, விழுகிறது. கோட்டின் ஓரத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: கூ கிளக்ஸ் அட்டூழியம், அரசியல் கொந்தளிப்பு, புதிய தொழில்கள், கும்பல் கொலை, வாக்குரிமை பறிப்பு. கோடு ஏன் விழுந்தது என்று கோட்டின் மேலேயே சொல்லிவிட்டால், ‘இவங்களுக்குச் சாமர்த்தியம் பத்தாது’ என்று எவனும் பேச முடியாது. படங்களுக்குப் பக்கத்திலேயே, கறுப்பர்களுக்கு எதிராக ஜார்ஜியா போட்ட சட்டங்களைக் கையால் எழுதித் தொகுத்த ஏடுகளையும் வைத்திருந்தார் டு பாய்ஸ். நூற்றுக்கணக்கில் புகைப்படங்களும் இருந்தன. நேராக நம்மைப் பார்க்கிற முகங்கள். எண்ணுக்கு முகமும் உண்டு, காரணமும் உண்டு.

இதை எழுதும்போது டு பாய்ஸைச் சாமியாக்கிவிடக் கூடாது. அதற்கு முன் 1896-97-இல் பிலடெல்பியா நகரத்தின் ஏழாவது வட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நிறம் கொடுத்து ஒரு தெருப்படம் போட்டார். 1899-இல் வந்த அவரது புத்தகத்தில் அது இருக்கிறது. கறுப்பர்களை நான்கு தரமாகப் பிரித்து, கடைசித் தரத்தைக் கெட்டவர்கள், குற்றவாளிகள் என்று குறித்தார். படித்த கறுப்பரின் கண் அது. நம்மவன் கையில் பென்சில் வந்துவிட்டாலே போதும் என்று நினைப்பவர்கள் அந்தத் தெருப்படத்தைப் பார்க்க வேண்டும். நம்ம சங்கத்துப் படித்த பிள்ளைகள் போடுகிற கணக்கெடுப்புப் படிவத்தில் ‘குடிப்பழக்கம் உண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதுவும் இந்தக் கண்தான்.

எண்ணால் என்ன முடியும், என்ன முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளியைக் கும்பல் சித்திரவதை செய்து எரித்தது. டு பாய்ஸ் நியாயம் எழுதி எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆசிரியர் ஒருவரைப் பார்க்க நடந்துபோகிறார். அந்த மனிதனின் விரல் கணுக்களை ஒரு கடையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று வழியில் கேள்விப்படுகிறார். திரும்பிவிடுகிறார். அமைதியான ஆராய்ச்சிக்காரனாக இனி இருக்க முடியாது என்று அன்று தோன்றியதாகப் பிற்பாடு எழுதினார். ஆனாலும் அடுத்த வருஷம் அந்தப் படங்களை வரைந்தார். கோட்டின் ஓரத்தில் கும்பல் கொலை என்று எழுதிய கை, அந்தத் தெருவில் திரும்பி நடந்தவரின் கை.

அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர் பிரச்சினையைத் தான் படித்து வந்ததாகவும், இரண்டு சமூகங்களின் நிலைமைக்கும் ஒற்றுமை இருப்பதாகவும் சொல்லி, ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதிகள் கேட்டார். டு பாய்ஸ் பரிவோடு பதில் போட்டார். மனுவைக் கேட்டு வாங்கியவரின் பிள்ளைகள் படத்தையும் கேட்டு வாங்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

நம் விஷயத்துக்கு வருவோம். வருஷா வருஷம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வன்கொடுமைக் கணக்கு வெளியிடுகிறது. உடனே மாநிலங்களைத் தூண்களாக நிறுத்திப் படம் போடுகிறார்கள். குட்டைத் தூண் மாநிலத்து மந்திரி, எங்கள் மாநிலம் அமைதிப் பூங்கா என்கிறார். அந்தத் தூண் எதை எண்ணுகிறது? போலீஸ் ஏட்டில் பதிவானதை. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பிய ஸ்டேஷன் அந்தப் படத்தில் நல்ல ஸ்டேஷன். பயந்துபோய் வாசற்படி ஏறாதவள் அந்தப் படத்தில் சுகமாக இருக்கிறாள். ‘நடந்த கொடுமைகள்’ என்று தலைப்புப் போடுவதும், ‘பதிவான வழக்குகள்’ என்று போடுவதும் ஒன்றல்ல. ஒரு தலைப்பில் இருக்கிறது முழுப் பொய்யும்.

விழுப்புரம் பக்கம் ஓர் ஊரில் சுடுகாட்டுப் பாதைக்காக மனு போட்டு அலைந்துகொண்டிருந்தோம். கிராம வரைபடத்தில் அப்படி ஒரு பாதையே இல்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அரசாங்கத்துப் படத்தில் எங்கள் சேரியே ஒரு கட்டம்தான். நான் ஒரு பெரிய தாளில் ஊரை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியம்மா கேட்டார்: “இதுல நாங்க எங்க இருக்கறோம், தம்பி?” தாளைச் சுருட்டி வைத்துவிட்டுத் தெருவைக் கூட்டி, கோலமாவைக் கொண்டுவந்தார்கள் பெண்கள். ஊர், சேரி, ஏரி, வரப்பு, சுடுகாடு என்று முழுத் தெருவுக்கும் கோலம் விழுந்தது. பிணம் போகிற வழியைச் செங்கல் தூளால் போட்டார்கள். பயிர் இருக்கும்போது ஒரு வழி, மழைக்காலத்தில் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு இன்னொரு வழி. எனக்கு ஒரு வழிதான் தெரியும்.

போன இரண்டு வருஷத்தில் எத்தனை சாவு அந்த வழியில் போச்சு என்று கேட்டேன். பேர் சொல்லிச் சொல்லிப் புளியங்கொட்டை வைத்தார்கள். பதினொன்று வந்தது. ஒருத்தி குனிந்து ஒரு கொட்டையை எடுத்தாள். “இது கொழந்த. பாடை கெடையாது. தோள்ல போட்டுத்தான் தூக்கினு போனாங்க. இதுக்குப் புளியங்கொட்டை வெக்காதீங்க” என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு வேப்பங்கொட்டையை வைத்தாள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கணக்குப் படத்தில் ஓர் அலகு என்றால் என்ன என்று நான் படித்த எந்தப் புத்தகமும் அதைப்போலச் சொல்லித்தரவில்லை.

அந்தக் கோலத்தை அப்படியே தாளில் எடுத்து, வேப்பங்கொட்டையையும் விடாமல் வரைந்து, யார் எண்ணியது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று கீழே எழுதி, மனுவோடு வைத்தோம். ‘இதை யார் வரைஞ்சது?’ என்று அதிகாரி கேட்டார். ‘நாங்கதான்’ என்று ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து சொன்னார்கள். பாதையே இல்லை என்ற பேச்சு அன்றோடு நின்றது. நில அளவைக்காரர் சங்கிலியோடு வந்து அளந்தார். பாதை இன்னும் வரவில்லை.

ஆகவே எனக்கு நல்ல கணக்குப் படம் என்பது, எண்ணப்பட்டவர்கள் முன்னால் விரித்து வைக்கத் துணிகிற படம். எதை எண்ணினோம், யார் எண்ணியது, எது எண்ணப்படவில்லை என்பதை அது மறைக்காது. எண்ணை எழுதிவிட்டுத்தான் வண்ணம் பூசும். கோடு விழுந்தால் தள்ளியது யார் என்று ஓரத்தில் சொல்லும். அதில் இருக்கிறவர்கள் விரலை வைத்து, ‘இது தப்பு, கொட்டையை மாத்து’ என்று சொல்ல முடியும்.

இப்படி ஒரு படம் நமக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. டு பாய்ஸின் வரிசையில் நிலத்தைப் பற்றிய படம் ஒன்று உண்டு. ஜார்ஜியாக் கறுப்பர்களின் நிலம் 1874-இல் 3,38,769 ஏக்கர். 1899-இல் 10,62,223 ஏக்கர். வருஷத்துக்கு ஒரு தூண். பிற்பாடு அமெரிக்கக் கறுப்பர்கள் கையிலிருந்த நிலம் ஏமாற்றாலும் கடனாலும் மிரட்டலாலும் கைமாறிப் போனபோது, என்ன இருந்தது என்று சொல்ல இந்தத் தூண்கள் சாட்சியாக நின்றன. நமக்கும் நிலம் இருந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒதுக்கியது. பிற சாதியார் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலம். அது எந்த வருஷம், எந்தத் தாலுகாவில், எத்தனை ஏக்கர், யார் கைக்குப் போனது? 1994-இல் காரணை நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் விட்டார்கள். அந்தக் கணக்கை வருஷம் வருஷமாக வரைந்த ஒரு படத்தை நான் போன எந்தச் சங்கத்துச் சுவரிலும் பார்த்ததில்லை.

ஊருக்கு ஒரு தாள் போதும். அ-பதிவேட்டு நகலும், நம்ம பெரியவர்கள் ஞாபகமும் வேண்டும். இடது ஓரத்தில் 1892 என்று எழுதித் தொடங்கலாம்.